கொதிக்கவிடாத தண்ணீர்

மெக்சிகோ நகரத்தில் தண்ணீர்
அவசரப்பட்டுக் கொதித்துவிடும்.
உயரம் அப்படி.
அம்மா இன்னும் ஏமாறுகிறாள்.
முதல் குமிழி கிளம்புமுன் இறக்கியாக வேண்டும்,
தவறினால் மாத்தே இலை வெந்து
வாயெல்லாம் கரிக்கும்.
மொந்தேவிதேயோவில் அவளுக்கு அது காதிலேயே தெரியும்.
அங்கே ஓடுவது ஆறு;
அக்கரை தெரியாததால் கடல் என்றும் சொல்லிக்கொள்ளலாம்.
இங்கே ஏரியைத் தூர்த்துக் கட்டிய ஊர்.
எங்கள் கட்டடம்
வருஷத்துக்கு இரண்டு விரற்கடை புதைகிறது,
வாடகையோடு.

மூன்றாம் மாடியில் உருகுவே வீடுகள் நான்கு.
வீட்டுக்குள் 'வோஸ்', படியிறங்கினால் 'தூ'.
எந்த 'நீ' எங்கே செல்லும் என்பது
எனக்குப் பல் முளைக்கும்போதே தெரியும்.

என் மாமா பெயர் வாஷிங்டன்.
பள்ளியில் சொன்னால் சிரிப்பார்கள்.
பக்கத்து வீட்டுக்காரர் எடிசன், அவர் தம்பி நெல்சன்.
சின்ன நாடு,
பெரிய பெயர்களைப் போட்டுக்கொண்டு
நுனிக்காலில் நின்று பார்க்கும்.
எழுபத்தாறு ஜூனில் ஒரு வியாழக்கிழமை
ரொட்டி வாங்கப் போனார் மாமா.
அந்த வாரமே தூதரக வாசலுக்குள்
ஓடி நுழைந்தாள் அம்மா,
கையில் பிளாஸ்க்,
வயிற்றில் நான்.

எதிர்வீட்டு மெக்சிகோக்காரியின் பெயர் ரெஃபூஹியோ.
அடைக்கலம் என்று அர்த்தம்.
"கேட்டு வந்தேன், எதிர் கதவிலேயே மாட்டிவைத்திருந்தார்கள்"
என்பாள் அம்மா.
எல்லோருக்கும் அவள் கூக்கா.
மாதம் இருபத்தொன்பதாம் தேதி
தட்டுக்கடியில் ஒரு நோட்டை வைத்து
நாங்கள் ஞோக்கி சாப்பிடும்போது
பச்சைமிளகாய்ச் சாந்தோடு வந்து நிற்பாள்.
எடிசன் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மாத்தே குடுவை சுற்றி வரும்.
ஒரு வாய் உறிஞ்சிவிட்டு
"நன்றி" என்பாள் கூக்கா, மரியாதையாக.
எங்கள் வழக்கில் அதற்குப் பொருள்
போதும், இனி எனக்கு வேண்டாம்.
அவளுக்கு இரண்டாவது வரவே வராது.
தென்னாட்டவர்கள் கஞ்சர்கள் என்று
கீழ்வீட்டில் சொல்லிவைத்திருக்கிறாள்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கையில் ஒரு நவம்பர்.
கூக்கா வீட்டில் இறந்தவர்களுக்குப் படையல்,
செண்டுமல்லி இதழ் படிவரை.
"உன் தம்பி படம் ஒன்று கொடு, நிபியா.
பாவம், வழி தெரியாமல் நிற்பான்."
அம்மா கதவைச் சாத்தினாள்.
உள்ளே அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்:
"படம் வைத்தால் கொன்றது நானாகிவிடும்."
பதினொரு நாள் பேச்சில்லை.

அடுத்த வருஷம் அந்தப் படையலில்
கூக்காவின் கணவருக்கும் மாமியாருக்கும் நடுவே
ஒரு கையகலம் காலி.
இதழ்கூட விழாமல் பார்த்துக்கொண்டாள்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

ராணுவம் இறங்கியதும்
படிக்கட்டில் முரசடித்துக்கொண்டு
பாதிப்பேர் ஊர் திரும்பினார்கள்.
எடிசன் போய், இரண்டே வருஷத்தில் வந்துவிட்டார்:
"அங்கே என்னை மெக்சிகோக்காரன் என்கிறான்கள்.
ஞோக்கிக்கு மிளகாய் கேட்டேனாம்."
நாங்கள் போகவில்லை.
அம்மா சொன்ன காரணம்: கூக்காவின் செடிகள்.

பிறகு, வெகுகாலம் கழித்து,
கூக்காவின் பேரன் எவெரார்தோ
வடக்கே லாரி எடுத்துப் போனான்.
முதல் வாரம் போன் அடித்தது, எடுக்கவில்லை.
அப்புறம் அடிக்கவும் இல்லை.
அந்த நவம்பர் அவள் வீட்டில் பூ இல்லை.
பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி
நல்லெண்ணத்தில் கேட்டுவிட்டாள்,
பையன் படம் இருக்கிறதா என்று.

அன்று ராத்திரி அம்மா
அடுப்பருகே காதை வைத்து நின்றாள்.
சரியாக இறக்கினாள்.
பிளாஸ்க்கை அக்குளில் இடுக்கி
நாலடி வராந்தாவைக் கடந்தாள்.
ஆறுதல் என்று ஒரு சொல் சொல்லவில்லை,
எனக்குத் தெரியும், நான்தான் குடுவையைத் தூக்கிப்போனேன்.

அம்மா ஊற்றினாள். கூக்கா உறிஞ்சினாள்.
குடுவையைத் திருப்பிக் கொடுத்தாள்.
ஊற்றினாள்.
தெருவில் தமால் வண்டி கூவிக்கொண்டு போனது.
ஊற்றினாள்.
பிளாஸ்க் தீர்ந்து நான் இன்னொன்று காய்ச்சப் போனேன்.
விடியும்வரை கூக்கா
நன்றி சொல்லவே இல்லை.